ஒரு மணி நேரம் கிடைத்தால் என்ன கேட்பீர்கள்?

வேலை பற்றியும் எதிர்காலம் பற்றியும் மூத்தவர்களிடம் பேசப் போகும் இளைஞர்களுக்கு ஒரு சிறப்புக் கட்டுரை

1928ஆம் ஆண்டின் பிற்பகுதி. ஜெர்மனியின் புகழ்பெற்ற இயற்பியல் பேராசிரியர் ஆர்னால்ட் சொம்மர்ஃபெல்ட், இந்தியச் சுற்றுப்பயணத்தில் மதராஸ் வந்திருந்தார். மாநிலக் கல்லூரியில் இயற்பியல் ஆனர்ஸ் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவர், அவர் தங்கியிருந்த ஹோட்டலுக்கே தேடிப் போனார். பதினெட்டு வயதை ஒட்டிய பருவம். பெயர் சந்திரசேகர். பின்னாளில் 1983இல் நோபல் பரிசு பெற்ற அதே சுப்ரமணியன் சந்திரசேகர்.

அணு அமைப்பு பற்றி சொம்மர்ஃபெல்ட் எழுதிய பெரிய புத்தகத்தை அந்தப் பையன் தானாகவே படித்து முடித்திருந்தார். அதைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்கினார். அதற்குக் கிடைத்த பதில் பாராட்டல்ல. ‘நீ படித்ததெல்லாம் பழசாகிவிட்டது’ என்பதுதான் சாரம். ஹைசன்பர்க், ஷ்ரோடிங்கர், டிராக் ஆகியோர் கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் இயற்பியலையே மாற்றிவிட்டார்கள் என்று பேராசிரியர் விளக்கினார். பிறகு, இன்னும் அச்சாகி வெளிவராத தன் கட்டுரை ஒன்றின் மெய்ப்புத் தாள்களை எடுத்துக் கொடுத்தார். உலோகங்களுக்குள் எலெக்ட்ரான்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்பதைப் புதிய புள்ளியியல் முறையில் விளக்கும் கட்டுரை அது.

அடுத்து நடந்ததுதான் நமக்கு முக்கியம். அந்தத் தாள்களைக் கரைத்துக் குடித்த சந்திரசேகர், சில மாதங்களுக்குள் அதே முறையை வேறொரு சிக்கலில் பொருத்திப் பார்த்துச் சொந்தமாக ஒரு கட்டுரை எழுதிவிட்டார். அதை யாருக்கு அனுப்புவது என்பதிலும் கணக்கு இருந்தது. கேம்பிரிட்ஜில் ரால்ஃப் ஃபௌலர் என்பவர் 1926இல் எரிபொருள் தீர்ந்து சுருங்கிய வெண்குறு விண்மீன்கள் பற்றி எழுதிய கட்டுரையில் இதே புள்ளியியலைப் பயன்படுத்தியிருந்தார். எனவே இந்தக் கட்டுரையைப் படித்துப் புரிந்துகொள்ளக்கூடியவர், படிக்கவும் விரும்பக்கூடியவர் அவர்தான். ஃபௌலருக்கே போனது. சில திருத்தங்களோடு 1929இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளிவந்தது. 1930இல் உதவித்தொகை பெற்று சந்திரசேகர் கேம்பிரிட்ஜுக்குக் கப்பல் ஏறியபோது, அங்கே அவருக்கு நெறியாளராக இருந்தவர் அதே ஃபௌலர்.

ஒரு ஹோட்டல் அறையில் நடந்த ஒரே ஒரு உரையாடல். அந்த மாணவர் வேலை கேட்கவில்லை, சிபாரிசு கேட்கவில்லை. தான் எதுவரை வந்திருக்கிறேன் என்று காட்டினார், அடுத்து எங்கே போக வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டார், திரும்பி வந்து உட்கார்ந்து உழைத்தார். உரையாடலுக்கு முன்னால் ஒரு புத்தகம், பின்னால் ஒரு கட்டுரை. இந்த இரண்டையும் கழித்துவிட்டுப் பார்த்தால், பெரிய மனிதரைப் பார்த்துவிட்டு வந்த இன்னொரு மாணவர் என்பதோடு கதை முடிந்திருக்கும்.

இன்று நம் பிள்ளைகளுக்கு மூத்தவர்களைச் சென்றடையும் வழிகள் எவ்வளவோ இருக்கின்றன. கல்லூரியில் முன்னாள் மாணவர் சங்கம் இருக்கிறது. கம்பெனியில் சேர்ந்த முதல் வாரமே மனிதவளத் துறை ஒரு சீனியரை ‘மென்டார்’ என்று ஒதுக்கிக் கொடுக்கிறது. லிங்க்ட்இன்னில் ஊர் பெயர் தெரியாத ஒருவருக்குக்கூடச் செய்தி அனுப்பிவிடலாம். ஆனாலும் அந்தச் சந்திப்புகளில் பெரும்பாலானவை வெறுங்கையோடு முடிகின்றன. “நல்லா பேசினார் சார், ரொம்ப மோட்டிவேஷனா இருந்துச்சு” என்பார்கள். என்ன சொன்னார் என்று கேட்டால், “ஹார்ட் வொர்க் பண்ணச் சொன்னார்” என்பார்கள். அதை அவர்களுடைய பாட்டியே சொல்லியிருப்பார்.

முதல் செய்தியிலேயே பாதி முடிந்துவிடுகிறது

மூத்த பொறியாளர் எவருடைய கைபேசியை வாங்கிப் பார்த்தாலும் இப்படிப்பட்ட செய்திகள் வரிசையாகக் கிடக்கும்: “ஹாய் சார், ஐ ஆம் இன்ட்ரஸ்டட் இன் டேட்டா சயின்ஸ். ப்ளீஸ் கைட் மீ சார்.” அனுப்பியவர் மரியாதையாகத்தான் கேட்கிறார். ஆர்வமும் உண்மைதான். ஆனால் இதற்கு என்ன பதில் எழுதுவது? எழுதுபவர் யார், எதுவரை படித்திருக்கிறார், எங்கே முட்டிக்கொண்டு நிற்கிறார் என்று எதுவுமே தெரியாது. மனசு உள்ளவர்கள் ஒரு யூடியூப் இணைப்பை அனுப்புவார்கள். மற்றவர்கள் கடந்துபோவார்கள்.

இதே ஆளுக்கு இப்படி ஒரு செய்தி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்:

“வணக்கம் சார். கோயம்புத்தூரில் மெக்கானிக்கல் முடித்துவிட்டு ஒன்றரை வருஷமாக ஒரு பம்ப் கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறேன். டிசைன் பக்கம் போக வேண்டும் என்று ஆசை. மூன்று மாதமாக ராத்திரியில் சாலிட்வொர்க்ஸ் பழகுகிறேன். கடையில் ஒரு கேட் வால்வு வாங்கிப் பிரித்து, அளந்து, முழு அசெம்பிளியும் வரைந்திருக்கிறேன். படம் இணைத்திருக்கிறேன். டாலரன்ஸ் கொடுத்ததில் எனக்கே நம்பிக்கை இல்லை. நீங்கள் டிசைன் வேலைக்கு ஆள் எடுக்கிறவராக இருந்தால், இதில் எதைப் பார்த்ததும் என்னை ஒதுக்கிவிடுவீர்கள்? அடுத்த வாரம் உங்களுக்குத் தோதான நேரத்தில் இருபது நிமிஷம் போனில் பேச முடியுமா சார்?”

இதைப் படித்த பொறியாளர் அநேகமாக முதலில் அந்தப் படத்தைத்தான் திறப்பார். திறந்தால் ஏதாவது ஒரு தப்பு கண்ணில் படும். தப்பைப் பார்த்துவிட்டால் கை சும்மா இருக்காது. அங்கேயே உரையாடல் தொடங்கிவிட்டது. ‘வழிகாட்டுங்கள்’ என்று அந்தப் பையன் ஓர் இடத்தில்கூட எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள். கம்பெனி வரைபடத்தை எடுத்து அனுப்பாமல், சொந்தக் காசில் ஒரு வால்வு வாங்கிப் பிரித்திருக்கிறான் என்பதையும் கவனியுங்கள். ஆள் எடுப்பவருக்கு அந்த ஒழுங்கும் தெரியும்.

இதற்கு நம் ஊரிலேயே பழைய சாட்சி உண்டு. 1910ஐ ஒட்டிய காலத்தில், கல்லூரித் தேர்வில் தோற்று வேலையில்லாமல் இருந்த சீனிவாச ராமானுஜன், திருக்கோவிலூரில் துணை கலெக்டராக இருந்த வி. ராமஸ்வாமி ஐயரைத் தேடிப் போனார். இந்தியக் கணிதக் கழகத்தை 1907இல் தொடங்கியவர் அவர். ராமானுஜன் கேட்டது அவருடைய அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா வேலை. ஆனால் கையில் கொண்டுபோனது கணித நோட்டுப் புத்தகங்கள். நோட்டைப் புரட்டிய ராமஸ்வாமி ஐயர், இவரை வருவாய்த் துறையின் கீழ்ப்படியில் உட்கார வைத்துத் திறமையை மூச்சடைக்கச் செய்ய மனம் வராமல், அறிமுகக் கடிதத்தோடு மதராசுக்கு அனுப்பினார். அங்கே மாநிலக் கல்லூரியின் சேஷு ஐயர், அவர் வழியாக நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் என்று கதவுகள் திறந்தன. ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்துத் தாங்கினார். கேட்டது சிறியது, காட்டியது பெரியது. பெரியவர்கள் பதில் சொன்னது காட்டியதற்குத்தான்.

பத்துப் படிகளை எழுதச் சொன்னவர்

1912 மார்ச்சில் ராமானுஜன் மதராஸ் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் கணக்கராகச் சேர்ந்தார். அங்கே அவருக்கு மேலதிகாரியாக இருந்த எஸ். நாராயண ஐயரும் கணிதம் படித்தவர். திருவல்லிக்கேணியில் அவர் வீட்டில் இரவு நேரத்தில் இருவரும் ஆளுக்கொரு சிலேட்டை வைத்துக்கொண்டு கணக்குப் போடுவார்கள். ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்கு ராமானுஜன் தாவும் வேகம் நாராயண ஐயருக்கே பிடிபடாது. ‘எனக்கே புரியவில்லை என்றால் மற்றவர்களுக்கு எப்படிப் புரியும்? உன் இரண்டு வரிக்கு நடுவில் பத்து வரியாவது எழுது’ என்ற பொருளில் அவர் வற்புறுத்திக்கொண்டே இருந்தார்.

பிற்பாடு ராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்த ஹார்டியின் பெயர் உலகத்துக்கே தெரியும், நாராயண ஐயரைச் சிலர்தான் நினைவு வைத்திருக்கிறார்கள். ஆனால் ஒரு மூத்தவர் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவியை அவர் செய்தார் என்றே நினைக்கிறேன். ராமானுஜனைவிடக் கணிதத்தில் பல மடங்கு குறைந்தவர்தான். அதனாலேயே, வெளியுலகம் இதை எப்படிப் பார்க்கும் என்று அவரால் சொல்ல முடிந்தது. உங்கள் துறையின் உச்சியில் இருப்பவர்தான் உங்களுக்கு வழிகாட்ட வேண்டும் என்பதில்லை. உங்களைவிட நான்கைந்து ஆண்டு மூத்த, நேற்றுத்தான் அதே மேட்டை ஏறிய ஓர் அக்காவோ அண்ணனோ போதும். நேர்காணலில் இப்போது என்ன கேட்கிறார்கள், எந்த டீமில் போய்ச் சேர்ந்தால் வேலை கற்றுக்கொள்ளலாம், எந்த மேனேஜரிடம் எப்படிப் பேச வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். துணைத் தலைவர் பதவியில் இருப்பவர் கடைசியாக ஓர் எழுத்துத் தேர்வு எழுதி இருபத்தைந்து வருஷம் ஆகியிருக்கும்.

சரிங்க சார், சரிங்க சார்

சந்திப்பு கிடைத்துவிட்டது. எதிரே உட்கார்ந்திருக்கிறீர்கள். நம் ஊரில் இங்கேதான் பெரிய சிக்கல் வருகிறது. பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். எனவே அவர் பேசப் பேச, “சரிங்க சார்” என்று தலையாட்டிக்கொண்டே இருப்போம். அவரும் நல்ல மனசோடு தன் வாழ்க்கைக் கதையைத் தொடக்கத்திலிருந்து சொல்லிக்கொண்டே போவார். கதை சுவையாகவே இருக்கும். மணியடித்ததும் எழுந்து வருவோம். நம் விஷயம் பேசப்பட்டிருக்காது.

மரியாதைக்குக் குறைவில்லாமல் இதைத் திருப்ப முடியும். கேள்வியில்தான் இருக்கிறது சூட்சுமம். “நீங்கள் எப்படி சார் இந்த நிலைக்கு வந்தீர்கள்?” என்று கேட்டால் வாழ்க்கை வரலாறுதான் வரும். “முதல் கம்பெனியை விட்டு வெளியே வரலாம் என்று எந்த மாதத்தில், எதைப் பார்த்து முடிவு செய்தீர்கள்?” என்று கேட்டால், மனிதர் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, மேடையில் சொல்லாத ஒன்றைச் சொல்வார். “எனக்கு இரண்டு இடத்தில் ஆஃபர் வந்திருக்கிறது. ஒன்றில் சம்பளம் கூட, ஆனால் சப்போர்ட் வேலை. இன்னொன்றில் குறைவு, ஆனால் டெவலப்மென்ட். நான் இரண்டாவதற்குச் சாய்கிறேன், காரணம் இது. இதில் நான் பார்க்கத் தவறியது என்ன?” என்று கேட்டால், அவருக்கு வேலை கொடுத்திருக்கிறீர்கள் என்று பொருள். எது நல்லது என்று மட்டும் கேட்டால் ஒரு சொல்லில் பதில் வரும். உங்கள் காரணத்தைச் சொல்லிவிட்டுக் கேட்டால், அந்தக் காரணத்தில் ஓட்டை எங்கே என்று காட்டுவார். அந்த ஓட்டையைப் பார்க்கத்தான் போனோம்.

இன்னொன்றைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். நம் பிள்ளைகள் வீட்டு நிலைமையைச் சொல்ல மாட்டார்கள். கல்விக் கடன் பாக்கி இருக்கும், மாதத் தவணை ஓடிக்கொண்டிருக்கும். அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருப்பார்கள். அப்பாவுக்கு உடம்பு சரியிருக்காது, ஊரை விட்டு வெகுதூரம் போக முடியாது. இதையெல்லாம் வெளியில் சொல்வது கௌரவக் குறைச்சல் என்று நினைத்து மறைத்துவிட்டு, “எது சார் பெஸ்ட் கேரியர்?” என்று கேட்பார்கள். அவர் பாவம், “ஆறு மாதம் வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்து கேட் தேர்வுக்குப் படி, வாழ்க்கை மாறிவிடும்” என்பார். அவர் தெரிந்துவைத்திருந்த அளவுக்கு அது நல்ல யோசனைதான். ஆனால் பதினோராயிரம் ரூபாய்த் தவணை கட்ட வேண்டிய பையனுக்கு அது யோசனையே அல்ல. அவன் வீட்டுக்கு வந்து, நம்மால் முடியாது என்று தன்னையே நொந்துகொள்வான்.

வீட்டுக் கதை முழுவதையும் கொட்ட வேண்டியதில்லை. “மாதம் இவ்வளவு வருமானம் நிற்காமல் வர வேண்டும், இன்னும் இரண்டு வருஷத்துக்கு மதுரையை விட்டு நகர முடியாது. இதற்குள் என்ன செய்யலாம்?” என்று இரண்டு வரி போதும். அந்த இரண்டு வரிக்குப் பிறகு கிடைக்கும் யோசனை வேறு தரத்தில் இருக்கும். மாலை நேரப் படிப்பு, கம்பெனிக்குள்ளேயே வேறு பிரிவுக்கு மாறுவது, வீட்டிலிருந்து செய்யும் ஒப்பந்த வேலை என்று அவர் மூளை அந்த எல்லைக்குள் தேடத் தொடங்கும்.

குறிப்பெடுங்கள். கைபேசியில் தட்டாமல் தாளில் எழுதுங்கள். கைபேசியைப் பார்த்தால் எதிரில் இருப்பவருக்கு நீங்கள் வாட்ஸ்அப் பார்ப்பது போலத்தான் தோன்றும். லண்டனில் புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் தொழில் பழகிக்கொண்டிருந்த, பின்னாளில் பெரிய விஞ்ஞானியான மைக்கேல் ஃபாரடே, 1812இல் வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்கப் போனார். கேட்டதை விரிவாக எழுதி, படங்கள் வரைந்து, தன் கையாலேயே பைண்டு செய்து டேவிக்கு அனுப்பினார். டேவி முதலில் சொன்னது, பைண்டிங் தொழிலையே பிடித்துக்கொள் என்பதுதான். ஆனால் சில மாதங்களில் சோதனைக்கூட உதவியாளர் இடம் காலியானபோது, அவர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டது ஃபாரடேயை. 1813 மார்ச்சில் வேலை கிடைத்தது. தான் பேசியதை ஒருவன் இவ்வளவு கவனமாகக் கேட்டிருக்கிறான் என்று பார்த்துவிட்ட எந்த ஆசிரியராலும் அவனை மறக்க முடியாது.

அந்த வாரத்துக்குள்

சந்திப்பு முடிந்து வந்ததும் ‘தேங்க் யூ சார்’ என்று கைகூப்பும் படத்தோடு ஒரு செய்தி அனுப்புகிறோம். அதோடு சரி. அடுத்து எப்போது தொடர்பு கொள்கிறோம்? வேலை போனபோது, அல்லது ரெஃபரல் வேண்டும்போது. நடுவில் ஒன்றரை வருஷம்.

மூத்தவர்கள் இதைப் பற்றி வெளியில் பேச மாட்டார்கள், ஆனால் உள்ளுக்குள் எல்லோருக்கும் இந்த ஆதங்கம் உண்டு. தாங்கள் சொன்னது என்ன ஆயிற்று என்று அவர்களுக்குத் தெரிவதே இல்லை. மருந்து எழுதிக் கொடுத்த டாக்டருக்கு நோயாளி மறுபடி வந்தால்தானே மருந்து வேலை செய்ததா என்று தெரியும்? அதனால் அந்த வாரத்துக்குள் அவர் சொன்னதில் ஒன்றை, மிகச் சிறியதாக இருந்தாலும் சரி, செய்து பார்த்துவிட்டு நான்கு வரி எழுதுங்கள். “டாலரன்ஸ் அட்டவணை பார்க்கச் சொன்னீர்கள் சார். பார்த்தேன். ஸ்டெம்முக்கும் கிளாண்டுக்கும் நடுவில் நான் விட்டிருந்த இடைவெளி தப்பு என்று தெரிந்தது. திருத்திய படம் இத்துடன். பதில் எழுத வேண்டும் என்று அவசியமில்லை.” அந்தக் கடைசி வாக்கியம் முக்கியம். அவர் தலையில் பாரம் ஏற்றாமல் ஒரு நல்ல சேதியை மட்டும் சேர்க்கிறீர்கள். இப்படி இரண்டு முறை எழுதியவருக்கு மூன்றாவது சந்திப்பைக் கேட்டு வாங்க வேண்டியிருக்காது.

சொன்னதைச் செய்யவில்லை என்றாலும் எழுதலாம். “நீங்கள் சொன்ன வழியை யோசித்தேன், இந்தக் காரணத்தால் வேறு பக்கம் போனேன்” என்று நேராகச் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. சொல்லாமல் ஒதுங்கிப் போவதுதான் வருத்தம் தரும்.

அவரே தவறாகச் சொன்னால்?

மீண்டும் சந்திரசேகரிடம் வர வேண்டியிருக்கிறது. அவர் வாழ்க்கையில் வழிகாட்டிகள் நிறைய. எல்லோர் சொல்லையும் அவர் ஒரே மாதிரி எடுத்துக்கொள்ளவில்லை. ரயில்வே கணக்குத் துறையில் உயர் அதிகாரியாக இருந்த அப்பா, மகன் ஐசிஎஸ் தேர்வு எழுத வேண்டும் என்று விரும்பினார். மகன் அறிவியல்தான் என்று நின்றார், அம்மா சீதாலட்சுமி மகன் பக்கம் நின்றார். கேம்பிரிட்ஜில் டிராக், ஓராண்டு கோபன்ஹேகனுக்குப் போய் நீல்ஸ் போரின் நிறுவனத்தில் இருந்துவிட்டு வா என்றார். அதைக் கேட்டுப் போனார். எந்தத் துறையில், யாரோடு இருந்தால் வளரலாம் என்பது டிராக்குக்கு நேரடியாகத் தெரிந்த விஷயம். நீ எதை விரும்ப வேண்டும் என்பதோ அப்பாவே ஆனாலும் வெளியிலிருந்து சொல்லக்கூடியதல்ல.

பிறகு வந்தவர் ஆர்தர் எடிங்டன். அந்தக் காலத்து வானியலின் சிகரம். பள்ளிப் பருவம் தாண்டியதும் கட்டுரைப் போட்டி ஒன்றில் சந்திரசேகருக்குப் பரிசாகக் கிடைத்ததே எடிங்டன் எழுதிய விண்மீன்கள் பற்றிய புத்தகம்தான். 1934இல் சந்திரசேகர் வெண்குறு விண்மீன்களின் கணக்கைத் துல்லியமாகப் போட்டுக்கொண்டிருந்தபோது, எடிங்டன் அவர் அறைக்கே அடிக்கடி வந்து எதுவரை ஆயிற்று என்று விசாரித்தார். கைப்பிடி சுற்றும் கணக்கு இயந்திரம் ஒன்றுகூட ஏற்பாடு செய்து கொடுத்தார். 1935 ஜனவரி 11 அன்று லண்டனில் ராயல் வானியல் கழகக் கூட்டம். ஒரு குறிப்பிட்ட நிறைக்கு மேல் போனால் விண்மீன் வெண்குறு விண்மீனாக அடங்க முடியாது என்று சந்திரசேகர் விளக்கிவிட்டு உட்கார்ந்தார். அடுத்து எழுந்த எடிங்டன், விண்மீன் இப்படி அபத்தமாக நடந்துகொள்வதை இயற்கையே அனுமதிக்காது என்ற தொனியில் அதை எல்லோர் முன்னும் தகர்த்துப் பேசினார். அவ்வளவு நாள் அறைக்கு வந்து பேசியபோது இந்த எதிர்ப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சந்திரசேகருக்கு அப்போது இருபத்து நான்கு வயது. சொந்த ஊரிலிருந்து ஆயிரக்கணக்கான மைல் தூரம்.

இந்த இடத்தில் அவர் செய்தவை ஒவ்வொன்றும் எண்ணிப் பார்க்கத் தக்கவை. முதலில், கணக்கில் பிழை இருக்கிறதா என்று வேறு தலைகளிடம் கேட்டார். கோபன்ஹேகனில் பழக்கமான இயற்பியலாளர் ரோசன்ஃபெல்டுக்கு எழுதினார். அவர் மூலம் நீல்ஸ் போரிடமும், பிறகு இன்னொரு இயற்பியலாளரான பௌலியிடமும் விஷயம் போனது. கணக்கு சரிதான் என்று தனிப்பட்ட முறையில் எல்லோரும் சொன்னார்கள். எடிங்டனை எதிர்த்து வெளிப்படையாக எழுத மட்டும் முன்வரவில்லை. அடுத்து, அதே சண்டையில் ஆயுளைக் கழிக்க அவர் விரும்பவில்லை. தான் கண்டதையெல்லாம் முறையாக ஒரு புத்தகத்தில் எழுதி 1939இல் வெளியிட்டுவிட்டு வேறு ஆராய்ச்சிக்குப் போய்விட்டார். காலம் அவர் கணக்கை உறுதி செய்தது. சூரியனைப்போல் ஏறக்குறைய 1.4 மடங்கு என்ற அந்த எல்லை இன்று அவர் பெயரால்தான் வழங்குகிறது.

எடிங்டனோடு அவர் உறவை முறித்துக்கொள்ளவில்லை என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. இருவருக்கும் கடிதப் போக்குவரத்து தொடர்ந்தது. 1944இல் எடிங்டன் மறைந்தபோது மதிப்போடு அஞ்சலி செலுத்தினார். நோபல் பரிசுக்கு முந்தைய ஆண்டு, 1982இல், கேம்பிரிட்ஜில் எடிங்டன் பற்றியே சொற்பொழிவாற்றி, அவரைத் தன் காலத்தின் தலைசிறந்த வானியற்பியலாளர் என்று போற்றினார்.

ஆக, ஒருவரையே நம்பி இருக்கக் கூடாது. தொழில் நுணுக்கம் சொல்ல ஒருவர், ஊர் உலகம் எப்படி நடக்கிறது என்று சொல்ல ஒருவர், மனசு உடைந்தால் பேச ஒருவர் என்று மூன்று பேராவது வேண்டும். உங்கள் மேலதிகாரி எவ்வளவு நல்லவராக இருந்தாலும், வேலையை விடலாமா என்ற கேள்வியை அவரிடம் கொண்டுபோகாதீர்கள். அவர் நாற்காலிக்கு என்று ஒரு கடமை இருக்கிறது. அதை மீறி அவரால் உங்களுக்காக மட்டும் யோசிக்க முடியாது.

எச்சரிக்கையாக ஒன்று. வழிகாட்டுகிறேன் என்று சொல்லிப் பணம் கேட்பவர், ‘உள்ளே ஆள் இருக்கிறது, இவ்வளவு கட்டினால் வேலை உறுதி’ என்பவர், வேளைகெட்ட வேளையில் போன் செய்பவர், அலுவலகம் இருக்கத் தனியிடத்துக்குக் கூப்பிடுபவர் என இவர்களில் யாரும் வழிகாட்டி இல்லை. பெண்கள் இந்த விஷயத்தில் சங்கடப்பட்டுக்கொண்டு பொறுத்துப் போக வேண்டியதே இல்லை. தொடர்பைத் துண்டிப்பதால் எதிர்காலம் ஒன்றும் இருண்டுவிடாது. திருமணம், பிரசவம், குழந்தைக்காக எடுக்கும் இடைவெளி, திரும்ப வேலைக்கு வருவது பற்றியெல்லாம் பேச, அதைத் தாண்டி வந்த ஒரு மூத்த பெண்மணியின் ஒரு மணி நேரம், ஆண்கள் பத்துப் பேரின் பொதுவான ஆறுதலைவிட மேல்.

வீட்டில் கேட்க ஆள் இல்லாதவர்கள்

சந்திரசேகருக்குச் சித்தப்பா சர் சி.வி. ராமன். படித்த வீடு, புத்தகங்கள் நிறைந்த வீடு. குடும்பத்திலேயே முதல் பட்டதாரியாக வருகிற பெண்ணுக்கோ பையனுக்கோ அந்த வசதி இல்லை. யாரைக் கேட்பது என்பதே தெரியாது, என்ன கேட்பது என்பது அதற்குப் பிறகு. தமிழ்நாடு அரசு 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம் திறன் பயிற்சியோடு வழிகாட்டலையும் நோக்கமாகக் கொண்டது. நல்ல முயற்சி. ஆனால் திட்டம் எதுவானாலும், மாணவரும் மூத்தவரும் நேருக்கு நேர் உட்காரும் அந்த இருபது நிமிஷத்தை யாராவது ஏற்பாடு செய்தாக வேண்டும்.

ஒரு சிலருக்காக மூத்தவர் நேரம் ஒதுக்குவதற்கும் சந்திரசேகரே சாட்சி. பின்னாளில் அவர் அமெரிக்காவில் யெர்க்ஸ் வானாய்வகத்தில் இருந்தபோது, வகுப்பு எடுப்பதற்காகச் சிகாகோ நகரத்துக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் காரோட்டிப் போவார். பனிக்காலத்திலும் நிறுத்தவில்லை. 1940களில் ஒருமுறை அந்த வகுப்பில் பதிவு செய்திருந்தவர்கள் இரண்டே பேர், சீனாவிலிருந்து வந்த லீயும் யாங்கும். இருவரும் 1957இல் நோபல் பரிசு பெற்றார்கள், தங்கள் ஆசிரியர் பெறுவதற்கு இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன்பே.

நம் கல்லூரிகளில் ஆண்டு விழாவுக்கு முன்னாள் மாணவர் ஒருவரைக் கூப்பிடுகிறோம். அமெரிக்காவிலோ பெங்களூரிலோ பெரிய பதவியில் இருப்பார். பூங்கொத்து, பொன்னாடை, நினைவுப் பரிசு, நாற்பது நிமிஷப் பேச்சு, கைதட்டல். பிறகு முதல்வர் அறையில் காபி, விமான நிலையத்துக்குக் கார். ஆயிரம் மாணவர்கள் அவரைப் பார்த்தார்கள், அவர் ஒருவரையும் பார்க்கவில்லை. வேலைவாய்ப்புப் பிரிவில் இருப்பவர்கள் இந்த ஆண்டு இதை மாற்றிப் பார்க்கலாம். மேடைப் பேச்சைப் பத்து நிமிஷமாகச் சுருக்குங்கள். ஒரு மாதம் முன்பே அறிவிப்புப் பலகையில் போட்டு, தாங்கள் செய்த ஒரு வேலையையும் அதில் மாட்டிக்கொண்ட ஓர் இடத்தையும் ஒரு பக்கத்தில் எழுதித் தரும் ஆறு மாணவர்களைத் தேர்ந்தெடுங்கள். மதிப்பெண் பார்க்காதீர்கள். அந்த ஆறு பக்கங்களையும் விருந்தினருக்கு ஒரு வாரம் முன்பே அனுப்பிவிடுங்கள். ஒரு காலி வகுப்பறை, ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஆளுக்கு இருபது நிமிஷம். வெளியே வரும் மாணவர் அடுத்த வாரம் அவருக்கு நான்கு வரி எழுதினாரா என்று துறைத் தலைவர் ஒருமுறை கேட்டுக்கொள்ளட்டும். பொன்னாடைச் செலவும் மிச்சம்.